டார்கெட் முடிந்தது என்று நான் சொன்னது

என் மஞ்சுளா அக்காவுக்கு,

இன்று கிருஷ்ணகிரிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தும் உள்ளே நகரவில்லை. அது உன் இடம்.

ஓசூரிலேயே வாங்கினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்றுதானே இருவரும் அவ்வளவு தூரம் போனோம்? அந்த ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில்தான் பழக்கமானோம். உனக்குப் பாகலூரில் தையல் கம்பெனி. கல்லாவியிலிருந்து வந்த எனக்கு ஓசூரில் உதிரிபாகம் சோதிக்கும் வேலை. கேட்டவர்களிடமெல்லாம் அக்கா தங்கை என்று கூசாமல் பொய் சொன்னோம். ஹாஸ்டலில் மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைக்கச் சொல்லிக்கொடுத்தவள் நீ. எனக்கு எச்.ஐ.வி. இருப்பது இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை தரும் கவுன்சிலர் மேடம் சொல்வதை நான் உனக்குக் கம்பெனி பாஷையில் சொல்வேன். ரத்தத்திலுள்ள சிடி4 வெள்ளையணுக்கள் லைன் லீடர் மாதிரி. கிருமி வந்தால் மற்ற அணுக்களை வேலைக்கு ஏவுவது அவைதான். இந்த வைரஸ் லீடருக்குள்ளேயே புகுந்து, அதை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொண்டு, கடைசியில் அதையும் கொன்றுவிடும். நெஞ்செலும்புக்குப் பின்னால் புது அணுக்கள் பயிற்சி எடுக்கும் இடத்தையும் விட்டுவைக்காது. உங்கள் கம்பெனி லைன் லீடரை எந்த வைரஸாலும் அசைக்க முடியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

உன் சிடி4 கவுண்ட் நூற்றுச் சொச்சத்திலிருந்து ஐந்நூறைத் தாண்டிய அன்று, சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"டார்கெட் முடிஞ்சிருச்சுக்கா. இனிமே உனக்கு ஒண்ணுமில்ல."

டார்கெட் முடிந்தால் மெஷினை நிறுத்துவதுதானே நமக்குப் பழக்கம்? நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய். வரிசைக்கு வரவில்லை. போனில் கேட்டால் ஓவர்டைம் என்றாய். எனக்குத் தெரியவந்தபோது காசநோய் உன்னைப் படுக்கையில் தள்ளியிருந்தது.

"நீதானடி முடிஞ்சிருச்சுன்ன," என்றாய், கோபமே இல்லாமல். கொஞ்சம் திட்டியிருக்கலாமே அக்கா?

மாத்திரை வைரஸைப் பெருகவிடாது, ஆனால் அடியோடு விரட்டவும் செய்யாது, சில அணுக்களுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். அதை மட்டும் ஏன் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்?

இன்று வரிசையில் எனக்கு முன்னால் பேரிகை ஊர்க்காரம்மா ஒருவர். கவுண்ட்தான் ஏறிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று தனக்குத்தானே பேசுவதுபோல் கேட்டார். நீ போனபிறகு நான் அங்கே யாரிடமும் வாய் திறந்ததில்லை. இன்று திறந்தேன்.

"நிறுத்திராதீங்கம்மா. உள்ள தூங்கறது எந்திரிச்சிரும். எங்க அக்கா அப்படித்தான் போயிருச்சு."

கூடப் பிறந்தவளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெயர் என்ன என்றார். ஒரு வருஷம் கழித்து உன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கவுண்ட் எவ்வளவு ஏறினாலும் நான் மாத்திரையை விடமாட்டேன். முடிந்துவிட்டது என்று இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

கூடப் பிறந்த தங்கை,
செல்வி