பலகையில் அடுத்த படம்

செங்காங்,
சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ரோஷினி அக்காவுக்கு,

பாப்பாத்தியின் வணக்கம். நீங்களும் குழந்தை தாரணியும் நலமாக இருக்க வேண்டும். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று போனில் சொன்னீர்கள். குழந்தையின் இருமல் நின்றதா?

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலாக எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்தால் ஆபீஸ் வேலைக்கு நடுவே ஒரு கண்ணால் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் அனுப்புவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தோடு தமிழ் விட்டுப்போனதால் மெதுவாகத்தான் படிக்க வரும் என்று ஒருமுறை சொன்னீர்கள். மெதுவாகவே படியுங்கள் அக்கா.

முதலில் வீட்டு விஷயங்கள். லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டார்கள். வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு எதிர்வீட்டு கதீஜா அக்கா தண்ணீர் ஊற்றுகிறார், கேட்காமலே பறித்தும் கொள்கிறார். உங்கள் அம்மா இருந்திருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டை இல்லாதது கதீஜா அக்காவுக்கே என்னவோ போல இருக்கிறதாம்.

இனி வெள்ளிக்கிழமை நடந்தது. பரமசிவம் மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் ஆதவன் அண்ணன் மாமா கையைக் கீறிவிட்டார், முரட்டுத்தனம் வந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, உடனே ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று. கீறியது உண்மைதான். நன்றாகவே ரத்தம் வந்தது, நான்தான் மருந்து போட்டேன். ஆனால் ஏன் கீறினார் என்பதை மாமா சொல்லியிருக்க முடியாது. அவருக்கு அது தெரியாது. எனக்கும் வெள்ளிக்கிழமை வரை தெரியவில்லை.

கூடத்துச் சுவரில் இருக்கும் பலகை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். குளியலுக்கு ஒரு படம், சாப்பாட்டுக்குத் தட்டின் படம், எல்ஆர்டி ரயிலின் படம் என்று மேலிருந்து கீழாக அன்றைய நாள் முழுவதும் அதில் இருக்கும். ஒன்று முடிந்ததும் அண்ணன் அந்தப் படத்தைச் சரக்கென்று பிய்த்துப் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போடுவார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். ஆட்களுக்கும் படம் உண்டு. மாலை டீக்கு அம்மா. நடக்கப் போவதற்கு நான். ஞாயிறு காலை வீடியோவில் பேச நீங்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அம்மா சொல்லிக் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. "பாப்பாத்தி, பலகையில ஒரு படம் இருந்தா அது அவனுக்கு நாம குடுத்த வாக்கு. நடக்காததை ஒட்டாதே. முடிஞ்சதை அவன் கையாலயே டின்ல போட வை. நாம எடுத்து ஒளிச்சு வச்சா நாள் முழுக்கத் தேடுவான் லா."

ஆட்டிசம் பற்றி அதற்குப் பிறகு நூலகத்தில் எடுத்து எவ்வளவோ படித்தேன். அம்மா சமையலறையில் நின்றபடி சொன்ன அந்த நாலு வரிக்கு மேல் எனக்குப் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை.

அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டு போன அன்று டீ போட்டு வைத்திருந்தோம். யாரும் குடிக்கவில்லை. அம்மா படம் பலகையிலேயே நின்றுவிட்டது. சடங்கு நடந்தபோது, கூட்டம் அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சுவா சூ காங்கில் மாமா வீட்டில் அவரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் அம்மாவைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அம்மா இறந்துவிட்டார் என்ற சொல்லையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அம்மா சிரித்தபடி இருப்பது அந்தப் பலகைப் படத்தில் மட்டும்தான் என்று மாமா அதையே எடுத்துப் போய், சிராங்கூன் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பலகைக்கு நேர் மேலே மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் தேக்கா சந்தையிலிருந்து மாலை வாங்கி வந்து போடுகிறார். நான் விளக்கேற்றுகிறேன். நாம் பார்ப்பது மாலை போட்ட படம். அண்ணன் பார்ப்பது பெரிதாகிவிட்ட வாக்கு.

தினமும் மாலையில் இரண்டு கப் எடுத்து வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு லிஃப்டையே பார்த்துக்கொண்டு உட்காருவார். டீ ஆறும். குடிக்க மாட்டார். சாப்பாடும் பாதிதான். துக்கம் என்று நினைத்தேன். துக்கத்தைப் பற்றி நிறையப் படித்தவள் என்பதால், எதைப் பார்த்தாலும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவர் துக்கத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் படையல். படத்துக்கு முன்னால் இலை போட்டு வடை, பாயசம், வாழைக்காய், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு கப் டீ. மாமாவோடு வந்த சுதா அத்தை, "அக்கா வந்து சாப்பிட்டுப் போகட்டும், எல்லாரும் வெளிய வாங்க" என்று எங்களைக் காரிடாருக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். நின்றபடியே சிரித்தார், அக்கா. அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே ஓடியது அவர்தான். படுக்கையறை, குளியலறை, சமையலறை, மறுபடி படுக்கையறை. திரும்பி வந்தபோது மாமா இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அண்ணன் அவர் மேல் பாய்ந்தார்.

படத்தை மாட்டினோம், இலை போட்டோம், அம்மா வந்து சாப்பிடுவார் என்று வாயாலும் சொன்னோம். திறந்து பார்த்தால் ஆள் இல்லை, அவருடைய வடையை இன்னொருவர் சாப்பிடுகிறார். அண்ணன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

படத்தைக் கொஞ்ச நாள் இறக்கி வைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "வருஷம் திரும்பல, அதுக்குள்ள படத்தைக் கழட்டறதா? எங்கக்கா என்ன போன வருஷத்துக் காலண்டரா?" என்று கத்தினார். கத்தும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓர் அக்காவுக்குத் தம்பி செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்கிறார்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பெரிய படம் மாமா வீட்டில் இருக்கட்டும், மாலை அங்கே விழட்டும். ஸ்டூடியோவில் திருப்பிக் கொடுத்த சின்னப் படம் உறையோடு அலமாரியில் இருக்கிறது. அதை அண்ணன் கையில் கொடுத்து, நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். இல்லத்தில் சேர்ப்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் அதில் பேச மாட்டேன். ஆனால் இப்படியே அனுப்பினால் அங்கும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.

மாமா நீங்கள் சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
பாப்பாத்தி

•

செங்காங்,
மறுமாதம், சனிக்கிழமை

அன்புள்ள ரோஷினி அக்காவுக்கு,

வணக்கம். தாரணி வரைந்த யானையின் படத்தை அண்ணனிடம் காட்டினேன். வாலை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

நீங்கள் மாமாவிடம் என்ன பேசினீர்களோ தெரியாது. மறுநாளே வந்து, படத்தை இறக்கி, புது வேட்டியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டார். வாசலில் நின்று, "டேய் ஆதவா, அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்டா" என்று ஆரம்பித்தார். சுதா அத்தை உடனே, "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. அப்புறம் நம்ம வீட்டு வாசல்ல வந்து உக்காருவான்" என்றார். மாமா சிரித்தபடியே அழுதுவிட்டார்.

அன்று மாலை டீ நேரத்தில் சின்னப் படத்தை அண்ணன் கையில் கொடுத்தேன். "அம்மா இறந்துட்டாங்க. அம்மா வர மாட்டாங்க. அம்மா டீ முடிஞ்சிருச்சு." இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்த்தால் அது எனக்காகத்தான் இருக்கும். அவர் படத்தைப் பலகையில் ஒட்டினார். வாசலில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் அதே சொற்கள். மறுநாளும் ஒட்டினார். பல நாள் அப்படியே போனது. சொல்லச் சொல்ல அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. அம்மா இறந்துவிட்டார் என்பதை நானும் அதுவரை முழு வாக்கியமாகச் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு மாலை, வாசலிலிருந்து தானாகவே எழுந்து வந்தார். தன் கப்பை எடுத்து ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பலகைக்குப் போய்ச் சரக்கென்று படத்தைப் பிய்த்து டின்னுக்குள் போட்டார். "முடிஞ்சிருச்சு ஆதவா. சமத்து" என்றார்.

அவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது அம்மாவின் குரல், அக்கா. அந்த 'சமத்து'வில் வரும் இழுப்புகூட. அடுப்படியில் நின்ற நான் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பிறகு காதுகளைப் பொத்திக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நீண்ட அழுகை. தொட்டால் பிடிக்காது என்பதால் கொஞ்சம் தள்ளி நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கதீஜா அக்கா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். மறுநாள் அண்ணன் ஒரு கப்தான் எடுத்து வைத்தார். வாசலில் நாற்காலி போடவில்லை. இப்போது தட்டில் மிச்சம் வைப்பதும் இல்லை. மாமா வந்தால் அவர் கையிலிருக்கும் தழும்பைத் தடவிப் பார்க்கிறார்.

இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டதை மாமா சொல்லியிருப்பார். நானும் அண்ணனும் போய்ப் பார்த்து வந்தோம். நல்ல மனிதர்களாகத் தெரிகிறார்கள். அவர் அறையின் ஜன்னலிலிருந்து ரயில் பாதை தெரிகிறது. அந்த அறையின் படம் எடுத்து வந்து பலகையில் ஒட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பலகையும் டின்னும் அவரோடு போகும். எனக்கு அம்மா பெயரில் இருந்த வேலை அனுமதி முடிகிறது. ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. பாதி படித்திருந்த புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் ரயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் கிளம்பிவிடு, அதுதான் அவனுக்கு நல்லது என்கிறார் மாமா. நான் அப்படிப் போக மாட்டேன். எல்ஆர்டி ஸ்டேஷனுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற என் படம் ஒன்று இருக்கிறது, அம்மா எடுத்தது. அதை அந்த இல்லத்தில் நானே அவர் கையில் கொடுப்பேன். 'பாப்பாத்தி ஊருக்குப் போறா. பாப்பாத்தி வர மாட்டா' என்று சொல்வேன். படம் டின்னுக்குள் போகும் அந்தச் சத்தத்தை நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

டின்னுக்குள் போட்டதும் அண்ணன் பலகையைத்தான் திரும்பிப் பார்ப்பார், அடுத்து என்ன என்று. அப்போது பலகை வெறுமையாக இருக்கக் கூடாது.

முடிந்தால் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். லீவு கிடைப்பது கஷ்டம், குழந்தையை விட்டு வருவது அதைவிடக் கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆனால் முடிந்தால் என்பதற்கு நம் பலகையில் படம் இல்லை, அக்கா. வருவேன் என்றால் ஒட்டலாம். இல்லை என்றால் ஒட்டக் கூடாது. வீடியோவில் உங்களைப் பார்க்க முடியாமல் போன சில ஞாயிறுகளாக நான் உங்கள் படத்தை ஒட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். டின்னுக்குள்ளும் போட விடவில்லை. அது முடிந்துபோனதல்ல என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிச் சீருடையில் ரெட்டைச் சடையோடு நீங்கள் இருக்கும் அந்தப் படம் இப்போது இந்த மேசைமேல்தான் இருக்கிறது. உங்களுக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் அம்மாவின் சாமி அலமாரி முன்னால் கும்பிடுகிறேன்.

ஒட்டட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
பாப்பாத்தி