இரு வீட்டுக்கும் ஒரே உத்திரம்

அன்பு மகன் சுதனுக்கு அம்மா எழுதுவது. அழகம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், சார்ஜா வெயிலில் நீயும் சுகமாக இருக்க அவளையே கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் இந்தத் தாள். பகவதி மைனியின் மகள் இதைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். எந்த மைனி என்று முழிக்காதே, பக்கத்து வீட்டுப் பூதலிங்கம் மாமாவின் வீட்டுக்காரிதான். ஆமாம், இப்போது பேசுகிறோம்.

நீ அனுப்பிய பிளான்படி பழைய வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளமும் மாடியும் போட ஆன்ட்ரூஸ் கொத்தனார் வேலையைத் தொடங்கி, ஓடெல்லாம் இறக்கியாயிற்று. நம் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தானே. மாமா வீட்டு உத்திரம் நம் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று அப்பாவும், நம் உத்திரம்தான் அவர் சுவரைக் குடைகிறது என்று மாமாவும் சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்டது நீ பள்ளிக்கூடம் போகும் காலத்தில். அதனால் அப்பா, உத்திரத்தைச் சுவரோடு ஒட்ட அறுத்துவிடு, வம்பு தீரட்டும் என்று மரவேலைக்கு வந்த ஆசாரியிடம் சொன்னார். ஆசாரி மச்சுப்பலகையைக் கழற்றி, சுவரைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தவர் அறுக்கிற வாளைக் கீழே வைத்துவிட்டார். மரம் அங்கே முடியவில்லை மக்களே! சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. இத்தனை காலம் சண்டை போட்ட இரண்டு உத்திரமும் ஒரே அயனி மரம். அறுத்தால் மாமா வீட்டுக் கூரை நிற்காது என்றார் ஆசாரி.

மானம் வெட்கம் பார்க்காமல் மைனியிடம் ஓடிச் சொன்னேன். அவள் தன் வீட்டுக்குள் ஏணி வைத்து ஏறி உத்திரத்தில் கை வைக்க, நம் பக்கம் ஆசாரி சுத்தியலால் மெல்லத் தட்டினார். “ஏட்டி நாகம்மை, என் உள்ளங்கையில வந்து தட்டுகுல்லா!” என்று கத்தினாள். நானும் ஏறிக் கை வைத்துப் பார்த்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த முடுக்குத் தெருவில் இவ்வளவு நீள மரத்தை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார்கள்? மரத்தை முதலில் ஏற்றி வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் இரண்டு வீட்டையும் கட்டியிருக்க வேண்டும் என்கிறார் ஆசாரி. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

பிறகு அப்பா தானாகவே போய் அவர்கள் வாசலில் நின்றார். மாமா பார்த்துவிட்டு, “உள்ள வாடே கோலப்பா, ரெண்டு பேரும் ஒரே மரத்துக்குக் கீழதாம்டே இத்தன காலம் உறங்கியிருக்கோம்” என்றார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, நமக்கோ கூரை இல்லை. மைனி வந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். இதை அவர்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இனி உன்னிடம் கேட்பது. உத்திரம் இருந்தால் நீ ஆசைப்பட்ட மாடி வராது, பழையபடி ஓடுதான். மகன் ஆசையை எப்படிக் கெடுப்பது என்று அப்பா உன்னிடம் சொல்லக் கூசுகிறார். மாமாவும் கேட்கமாட்டார். உன் பிளானில் குறுக்கே பேச நாங்கள் யார் என்று மைனியிடம் சொன்னாராம். சொல்லிவிட்டு நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு மக்களே. படித்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, அறுக்க வேண்டாம் என்று நீயாகவே சொல்லு. மாமாவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லு.

இப்படிக்கு உன் அம்மா,
கோ. நாகம்மை,
பூதலிங்கம் மாமா வீடு, வடிவீஸ்வரம்.