மேல் ரோட்டுத் தராசு

இன்று காலை தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு, தொழிலாளர்கள் யோசனை எழுதிப் போடப் புதிதாக ஒரு யோசனைப் பெட்டி வந்தது. நீலப் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. என் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள். வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பிறகு வேலையே ஓடவில்லை.

முதல் பெட்டி வந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். நான் ஆபீசில் கிளார்க், நீ கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரையும் வெளிநாட்டு ஆலோசகர் அம்மாவும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் வந்து நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லச் சொன்னார்கள். மொழிபெயர்த்தது நான்தான். பேர் கூப்பிட்டால் பதில் கொடுப்பதைத் தவிர நம் ஆட்கள் பெரட்டில் எப்போது வாயைத் திறந்தார்கள்? எல்லோருக்குமாகப் பேசுவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, அதாவது உன் அண்ணன். நீங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தீர்கள். இவர்களுக்கு வேலையில் அக்கறையே இல்லையா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். அவர் ஊரில், பேசாமல் நிற்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். எனக்குச் சுருக்கென்றது.

உன்னிடம் யோசனை இருந்தது எனக்குத் தெரியுமே. ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள் நாம். கொழுந்து நிறுக்கப் பள்ளத்துக்கு இறங்கி மறுபடி மலை ஏற வேண்டியிருக்கிறது, தராசை மேல் ரோட்டில் வைத்தால் எல்லோருடைய முட்டியும் தப்பும் என்று நீ சொல்லியிருந்தாய். மறுநாள் பெரட்டில், உன் பேரைச் சொல்லி அதைத் துரையிடம் போட்டு உடைத்துவிட்டேன். துரை கை தட்டினார். உன்னை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தராசைப் பள்ளத்தில் வைத்தவர் உன் அண்ணன் என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நீ கேட்டாய்: "அண்ணன் வாயால வரட்டும்னுதானே காத்துக்கிட்டு இருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா புள்ள?"

அடுத்த மாதம் உன் மகள் பெரியவளானாள். தாய்மாமன் இல்லாமல் சடங்கா? வெற்றிலைத் தட்டோடு இரண்டு தடவை அண்ணன் வாசலுக்குப் போனாய். இரண்டாம் தடவை நானும் வந்தேன். ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு இப்போது மாமன் எதற்கு என்று கேட்டு, அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மாமன் சீர் இல்லாமலேயே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினோம். நீ என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். பதுளை ஆஸ்பத்திரியில், நீ கண் மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தபோது, தராசு மேலேதானே இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாய். சந்தோஷத்தில் கேட்டாயா, வருத்தத்திலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உன் மகளும் இப்போது கொழுந்து பறிக்கிறாள். போன வாரம் பெரட்டில் அவளாகவே கையைத் தூக்கி, மழை நாளில் நிறுவைக்கு நிற்க மேல் ரோட்டில் ஒரு தகரக் கூரை வேண்டும் என்றாள். நான் பதறிப்போய் உன் அண்ணனைப் பார்த்தேன். முதலில் கை தட்டியவர் அவர்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் மாறிவிட்டாரா, காலம்தான் மாறிவிட்டதா, இல்லை, சொல்ல வேண்டியவள் தன் வாயாலேயே சொன்னதுதான் வித்தியாசமா? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. நான் செய்தது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அத்தனை பெண்கள் பள்ளத்துக்கு இறங்காமல் இருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் யார் என்னிடம் யோசனை சொன்னாலும், அவர்கள் பேரைச் சொல்லட்டுமா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். உன் ஒருத்தியைத்தான் நான் கேட்கவே இல்லை.