அக்கரைக் கள்

1938, மாசி மாதம், வியாழன் இரவு.

ஞாயிறன்று ஈரோடு போவதென்று இன்று மாலைதான் முடிவாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் பழனியப்பனின் ஜவுளிக்கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் பேசினோம். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. தையில் எங்கள் ஆட்டையாம்பட்டித் தோட்டத்து முனியப்பன் சாமிக்குக்கூடப் படையலில் கள்ளுக்குப் பதில் இளநீர்தான் வைத்தோம். காவிரியைத் தாண்டினால் அங்கே கள்ளுக்கடை திறந்திருக்கிறது. காலை ரயிலில் போய் வயிறாரக் குடித்துவிட்டு, தெளிந்தபின் இரவு ரயிலில் திரும்பலாம். ஒரு சொட்டும் கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் ஜெயில்.

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. சோறு போடும்போது வள்ளியம்மாளே கேட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம ஈரோடு போறீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"காலையில ஒருத்தரு வந்தாருங்க. நல்ல ஒசரம், பெரிய மீசை, வாயில சுருட்டு. ஊட்டுக்குள்ள கூப்பிட்டும் வரலீங்க. திரும்பும்போது அவருக்கு ஒரு கலயம் கொண்டாரச் சொன்னாரு."

காலையில் எனக்கே அந்த யோசனை கிடையாது. மாலையில் பழனியப்பன் வாயில் திடீரென்று வந்த பேச்சு அது. கைகூடக் கழுவாமல் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. சுருட்டு வாசனை மட்டும் இன்னும் இருந்தது.

"வேற என்ன சொன்னாரு?"

"இளநி வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க."

இனிப் போகாமல் இருக்க முடியாது. கலயத்தை ரயிலில் எதற்குள் மறைத்துக் கொண்டுவருவது என்பதுதான் இப்போது யோசனை.