ஆலம்பொறை மதகுக்கு இடாத முத்திரை

மழை பிழையாது பெய்க. வயல் குறையாது விளைக. வளவந்தி மாநகரில் வெண்குடை நிழற்ற வீற்றிருக்கும் கோ நன்மாறவேள் திருவடிகளுக்கு, ஆலம்பொறை நாட்டார் குடவோலையால் பேரவைக்கு அனுப்ப, தங்கள் திருவருளால் நீர்நிலை அமைச்சனாய் உயர்ந்த கீரன் எயினன் வணங்கி விடுக்கும் ஓலை.

ஆலம்பொறைப் பேரேரியின் மதகைத் திறந்து, அரண்மனையின் புதிய நீராழி மண்டபத்தைச் சூழ நீர் நிரப்புமாறு எழுதிய ஆணை அடியேன் முத்திரைக்காக வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் நீரைத் தொடும் ஆணை, அந்நாட்டில் பிறந்த அமைச்சனின் முத்திரையின்றிச் செல்லாது என்பது தங்கள் முன்னோர் வகுத்த மரபு. குடிகளுக்குக் காவலாக வகுத்ததென்றே இதுநாள்வரை நம்பியிருந்தேன். பேரவையின் கடைசி வரிசையில் நின்று ஏரிக்காகத் தொண்டை வறளக் கூவியவனைப் பட்டும் பல்லக்கும் தந்து அருகழைத்தது எதற்கென்று இப்போதுதான் விளங்கிற்று. தங்களுக்கு வேண்டியது என் அறிவன்று, என் விரலிலுள்ள முத்திரை மோதிரம். நெஞ்சு கசக்கிறது, வேந்தே.

மதகைப் பார்வையிடச் சென்றபோது, என்னோடு ஒன்றாய் ஏர் பிடித்த சாத்தன், பல்லக்கைக் கண்டதும் தோள் துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றான். நலம் கேட்டதற்கு, கதிர் பால்பிடிக்கும் வேளையென்றும், இன்னும் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் பதர்தான் மிஞ்சுமென்றும், அமைச்சர் பெருமான் ஊருக்காக வந்தாரா அரண்மனைக்காக வந்தாரா என்று ஊரார் கேட்டுவரச் சொன்னார்களென்றும் கூறினான். அவன் என்னை ஒருநாளும் பெருமானென்று அழைத்ததில்லை. பல்லக்கைத் தலைநகருக்குத் திருப்பச் சொன்னேன்.

அவன் கேள்விக்கு விடையை இங்கே எழுதுகிறேன். ஒரு நாட்டார் இருவர் அமைச்சரானால் கட்சி கட்டுவார்களென்று அஞ்சி, நாட்டுக்கு ஒருவனே போதுமென விதித்தவர் தாங்களே. ஆகவே, என்னை நீக்கினால் முத்திரையிட ஆலம்பொறையான் வேறெவனும் தங்கள் அவையில் இல்லை. புதியவன் வரக் குடவோலை எடுக்க வேண்டும். அது அறுவடைக்குப் பின்னரே நடக்கும். அதற்குள் நெல் களத்துக்கு வந்துவிடும்.

அமைச்சனாக அடியேனின் இறுதி ஆணை: ஆலம்பொறை மதகு வயலுக்கன்றி வேறெதற்கும் திறவாதொழிக. இவ்வாணையின் படியோலை ஒன்று சாத்தனிடம் சேர்ந்துவிட்டது. இவ்வோலையின் அரக்கில் பதிந்ததே அம்மோதிரத்தின் கடைசிப் பதிவு. உடைத்த துண்டுகளை ஓலைக் கயிற்றிலேயே கட்டியுள்ளேன். தண்டிக்க ஆள் தேட வேண்டியதில்லை, கோட்டை வாயிலில் அமர்ந்திருக்கிறேன்.

தங்கள் நீராழி மண்டபம் நீரின்றியே நெடுநாள் வாழ்க.