மஞ்சள் தடவிய பத்திரிகை

தியாகராய நகர்,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகள் நிலாவுக்கு அம்மா சண்முகவடிவு எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தம்பி சேரன் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஸ்டாக்ஹோமில் குளிர் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். உன்னோடு படித்த திருவல்லிக்கேணி அஃப்தாப் திங்கட்கிழமை வேலை விஷயமாக உன் ஊருக்குப் பறக்கிறான். உன் மெயிலுக்குள் எவனோ புகுந்து பார்க்கிறான் போலிருக்கு ஆன்ட்டி, அதில எதுவும் அனுப்பாதீங்க என்று அவன்தான் சொன்னான். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் அதில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். ரெண்டு வார்த்தையில் சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தோடு உன்னால் வாதாட முடியாது. முழுவதும் படி.

முதலில் நல்ல சேதி. சேரனின் கல்யாண வேலைகள் பாதிக்குமேல் முடிந்துவிட்டன. ஊருக்கெல்லாம் பட்டு விற்கிற உன் அப்பா, மருமகளின் கூறைப்புடவைக்கு மட்டும் நாலு தடவை நிறம் மாற்றினார். கடைசியில் ப்ரியாவே கடைக்கு வந்து, மாமா, எனக்கு இதுதான் வேணும் என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரிதான், பிழைத்துக்கொள்வாள். உனக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கு ரவிக்கையும் தைத்து வந்துவிட்டது.

இனி கெட்ட சேதி.

உங்கள் ஆபீஸ் செய்கிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ என்ன மாற்றினாய் என்று அஃப்தாப் எனக்குப் பொறுமையாக விளக்கினான். புதிதாக ஆட வருகிறவன் ஒரு கோட்டை வாசலில் வந்து இறங்குவானாம். பழைய ஆட்கள் அங்கேயே காத்துக் கிடந்து, அவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கொன்று, கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்களாம். வருகிறவர்கள் எல்லாம் வெறுத்துப்போய் ஓடுகிறார்கள் என்று, அந்த வாசலில் மட்டும் யாரும் யாரையும் அடிக்க முடியாதபடி நீ ஓர் எல்லை போட்டாய். அவ்வளவுதான் நீ செய்த குற்றம். நாங்க பட்டோம்ல, இவனுங்களும் படட்டும் என்று பழைய ஆட்களுக்கு ஆத்திரம். மாமியாரிடம் பட்டவள் மருமகளைப் படுத்துவதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. முடிவெடுத்தது உங்கள் ஆபீஸே கூடித்தான். ஆனால் பேட்டியில் முகம் காட்டிப் பேசியது நீ. அதுவும் பெண்பிள்ளை. எல்லாக் கல்லும் உன்மேல் விழுந்தது.

ஒரு வாரம் கத்துவானுங்கம்மா, வேற எதாவது கிடைச்சா அங்க போயிடுவானுங்க என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன். அவர்கள் போகவில்லை, நிலா. இங்கே வந்துவிட்டார்கள்.

ஏதோ ஒரு தீபாவளிக்கு நீ நம் கடை வாசலில் நின்று எடுத்த படத்தை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, பின்னால் இருந்த பெயர்ப்பலகையைப் படித்திருக்கிறார்கள். திடீரென்று கூகிளில் நம் கடைக்கு ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டியது. சாயம் போகுது, ஜரிகை போலி, முதலாளி திருடன் என்று, நம் படியே மிதிக்காதவர்கள் எழுதியிருந்தார்கள். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பது அவர் வேதம். புடவையை மேஜையில் வீசி எறிகிறவளுக்குத்தான் முதல் நாற்காலி, முதல் பன்னீர் சோடா. கோபமாக வந்தவர் கோபத்தோடு படி இறங்கக்கூடாது. வீட்டில் விசேஷம் என்றால் மனத்தாங்கல் உள்ளவர்களுக்குத்தான் முதல் பத்திரிகை. இத்தனை வருஷம் அது பலித்தும் வந்தது.

அதனால் ஒவ்வொரு வசைக்கும் கீழே உட்கார்ந்து பதில் எழுதினார். தங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம், நேரில் வந்தால் மாற்றித் தருகிறோம் என்று எழுதித் தன் ஃபோன் நம்பரையும் போட்டார். அந்த கேம் பண்ணது உங்க பொண்ணுதானே என்று ஒருவன் கேட்டதற்கு, ஆம் ஐயா, எங்கள் மகள்தான், மிக்க மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்றைக்கு வந்தது.

பிறகு ஒரு பையன் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, வாய் நிறைய அப்பா. நான்தான்ப்பா தப்பாப் போட்டேன், மன்னிச்சிருங்க, அக்காகிட்டயும் நேர்ல மன்னிப்புக் கேக்கணும், எப்ப வர்றாங்க என்று கேட்டானாம். உன் அப்பா உருகிவிட்டார். அதுக்கென்ன தம்பி, கல்யாணத்துக்கே வந்துருங்க என்று, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். நீ எந்தக் கிழமை, எந்த ஃபிளைட்டில் வருகிறாய் என்பதையும் சொல்லியிருக்கிறார். அவன் சட்டைப் பையில் ஃபோன் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அவன் நெட்டில் ஏற்றிவிட்ட அந்தப் படத்தைச் சேரன் எனக்குக் காட்டினான். உன் அப்பா கைகூப்பி, எல்லாரும் குடும்பத்தோட வரணும் என்கிறார். கீழே பார்த்த இடமெல்லாம் சிரிப்பு. கூடவே பத்திரிகையும் இருக்கிறது. மண்டபம், முகூர்த்த நேரம், அடியில் உன் பெயர். குடும்பத்தோட வர்றோம் மாமா என்று ஒருவன். தாலி கட்டும்போது அக்கா பின்னாடிதானே நிக்கும், அப்ப பாத்துக்கலாம் என்று இன்னொருவன். அதற்கு மேல் இருந்ததைப் படித்துக் காட்ட, கூட இருந்த அஃப்தாப் மறுத்துவிட்டான். அவர்கள் நம் ஆட்கள்தான், நிலா. நம் தமிழில்தான் எழுதுகிறார்கள். நாத்தனார் எங்கே நிற்பாள் என்று தெரிந்த பிள்ளைகள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தால், கீழே வேனிலிருந்து இரண்டு பேர் கண்ணாடிப் பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிணம் வைக்கிற குளிர்பெட்டி. மேலே வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தணிந்த குரலில், பாடி எந்த ரூம்ல கீதும்மா, பிளக் பாயிண்ட் இன்னா சைடு என்று கேட்டார். யாருக்கு என்றேன். ஃபோனைப் பார்த்து நிலா என்று படித்தார்.

உனக்குத்தான் அங்கே என்னவோ ஆகிவிட்டது, எனக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே விடிந்திருக்காதே என்றுகூட யோசிக்காமல் உன்னைக் கூப்பிட்டு, சும்மாதான் கூப்பிட்டேன், நேத்து என்ன சமைச்சே என்று கேட்டேனே, அது அப்போதுதான். நீ தூக்கக் குரலில் திட்டினாய். அந்தத் திட்டு போதும் எனக்கு.

பெட்டி கொண்டுவந்தவர் பெயர் நாகராஜ், ஆதம்பாக்கத்துக்காரர். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் செத்துவிட்டது. நல்லா கீற பொண்ணு பேர்ல எவன்மா இப்டி புக் பண்ணுவான், நாங்க பொழப்புக்கு வந்துகினு போறவங்கம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, சுத்திப் போடுங்க என்று சொல்லி, வண்டி வாடகைகூட வாங்காமல் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். நான் வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். இரண்டு தரம் கழுவியும் திருப்தி வரவில்லை.

போலீசுக்குப் போனோம். ஓர் அம்மா நல்லபடியாகத்தான் பேசினார், மனுவை வாங்கிக்கொண்டார். மண்டபத்துக்கு ஆள் போடுறேம்மா, ஆனா வர்றவன் எவன்னு நீங்கதான் காட்டணும் என்றார். எதை வைத்துக் காட்டுவேன்? நம் கல்யாணத்தில் யாரை நீ யார் என்று கேட்டிருக்கிறோம்? நாம் பெண் வீட்டு ஆள் என்று நினைப்போம், அவர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, நாமே கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைப்போம். மண்டபத்தை மாத்துங்க என்று சேரன் குதித்தான். இந்த மாதம் பூராவும் முகூர்த்தம், எங்கேயும் காலி இல்லை. கிடைத்தாலும் பத்திரிகை வைத்த எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகள் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

உன் அப்பா கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காருகிறார். யார் உள்ளே வந்தாலும் வாங்க என்று சொல்வதில்லை, கையைப் பார்க்கிறார், சட்டைப் பையைப் பார்க்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

சனிக்கிழமை, மத்தியானம்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், வருவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும், படித்த பிள்ளை என்று விட்டுவிடுவதாக இருந்தேன்.

இன்று காலை கல்யாண மாலைக்குச் சொல்ல மயிலாப்பூர் போனேன். மாட வீதியில் பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் ஒரு பையன் வந்து நின்றான். நிலா அக்கா அம்மாதானே, கல்யாண வேலையெல்லாம் எப்படிம்மா போகுது, அக்கா வந்தாச்சா என்று கேட்டான். நானும் பூவைப் பார்த்துக்கொண்டே, இல்லப்பா, வியாழக்கிழமை வர்றா, நீயும் மறக்காம வந்துரு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது என் காதில் விழுந்தது. கண்டிப்பா வர்றேம்மா என்று சிரித்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டான்.

மாடி வீட்டு விஜயராகவன் சாரின் பிள்ளையோடு சுற்றுகிற பையனாக இருக்கலாம். உன் கல்லூரியில் படித்தவனாக இருக்கலாம். நல்ல முகம்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. இத்தனை பயத்தை மடியில் கட்டிக்கொண்டிருக்கும்போதே என் வாய் அவனை அழைத்துவிட்டது. அப்படியென்றால் கல்யாணத்தன்று அந்தக் கூட்டத்தில் உன்னை நாங்கள் எப்படிக் காப்பாற்றுவோம்? எங்களால் முடியாது, நிலா. எங்களுக்கு அந்தப் புத்தி கிடையாது.

அதனால் நீ முடிவு செய்ய வேண்டாம், நான் செய்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய். நாத்தனார் முடிச்சைத் தேவானை போடட்டும், பெரியப்பா மகளும் அக்காதான். முதல் முடிச்சைப் போட்டுவிட்டுச் சேரன் பின்னால் திரும்பிப் பார்ப்பான். பார்க்கட்டும். அழுதாலும் அழட்டும். ஊர் வந்து, ஒரே தம்பி கல்யாணத்துக்கு அவளுக்கு லீவு கிடைக்கலையா, அப்படி என்ன வேலை என்று கேட்கும். பெரிய வேலை, சம்பளம் பெரிசு, அங்கே விடவில்லை என்று நான் உன்னைக் குறை சொல்லிப் பேசுவேன். அது உன் காதுக்கு வந்தால் நம்பாதே. இரண்டாம் முடிச்சு விழும்போது நீ அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் என்னால் அட்சதை போட முடியும்.

நீ கடைக்குப் போனால்கூட, போறேன் என்று சொன்னால் அதட்டுவேன், போயிட்டு வர்றேன்னு சொல்லுட்டி என்று. அப்படி வளர்த்த என் வாயாலேயே இப்போது கேட்கிறேன். செந்தூர் முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். எங்கே இருந்தாலும் உயிரோடு, சுகத்தோடு இரு. வராதே, தாயி.

உன் அம்மா.