திரைக்குள் ஒரு சொடக்கு

1952 ஜூன் 2, திங்கள்

காலையிலேயே அனல். கடல் காற்று பெயருக்கும் இல்லை. போர்டு மாட்டியாயிற்று. 'முதுகெலும்பு சிகிச்சை நிலையம். மருந்தில்லை, கத்தியில்லை.' கல்மண்டபம் பக்கம், துறைமுகத்துக்கு மூட்டை வண்டிகள் போகிற சாலை. முதுகு வலிக்காதவன் இந்தத் தெருவில் ஒருத்தன் இருக்கமாட்டான். அதை நம்பித்தான் பெரம்பூரில் குமாஸ்தா வேலையை விட்டேன்.

என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருக்கிறது. நான் போடச் சொல்லவில்லை. போர்டு எழுதுகிறவன் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே, "டாக்டர்னு போட்டுடட்டா சார்?" என்றான். நான் தெருவைப் பார்த்தேன். போட்டுவிட்டான். தபாலில் பாடம் படித்து சர்டிபிகேட் வாங்கினவன் டாக்டரா? இல்லை. தெரியும். அழி என்று சொல்ல வாய் வரவில்லை.

இருப்பவை: பெஞ்சு (ஒரு கால் குட்டை, அட்டை மடித்து வைத்திருக்கிறேன்). நடுவில் திரை, மனைவி பிலோமினாவின் பழைய புடவை. எலும்புப் படம் ஒன்று. வெள்ளைக் கோட்டு, இரவல்.
இல்லாதது: நோயாளி.

ஜூன் 4, புதன்

நேற்றும் யாரும் இல்லை. தபால் பாடத்தில் கடைசிப் புத்தகத்தை மறுபடி படித்தேன். 'முதன்முதலாகத் தொழில் தொடங்குபவர் தவிர்க்க வேண்டியவை.' அமெரிக்காக்காரன் எழுதியது. காத்திருக்கும் அறையில் பூச்சாடி வேண்டுமாம். இங்கே ஜன்னலைத் திறந்தால் கருவாடு. மற்றவை: குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதே. வேடிக்கை காட்டாதே. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் கை வைக்காதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இந்தக் கடைசி வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெரிய யோக்கியன்.

சாயங்காலம் முதல் ஆள். மீன்காரர், கழுத்துப் பிடிப்பு. பாடத்தில் சொன்னபடி மெதுவாக, பத்து நிமிஷம் பார்த்துச் சரிசெய்தேன். கழுத்து நன்றாகத் திரும்பியது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"சத்தமே வர்லியே நைனா. சலூன்ல முடி வெட்டிக்கினா அவனே கய்த்தத் திருப்பி சொடக்கு எடுத்துவுட்றான், சும்மாவே."

போய்விட்டார். திரைக்குப் பின்னாலிருந்து மனைவி பி. சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

நேற்று ஒருவர், இன்று இருவர். மூவரும் அதே பாட்டு. சத்தம் எங்கே? எலும்பு உட்கார்ந்தால் சொடக்கு வரவேண்டாமா? வராது, எல்லா முதுகும் சொடக்காது, சொடக்குவதற்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். ஒருவர் விளக்கம் முடிவதற்குள் சட்டை போட்டுக்கொண்டுவிட்டார்.

பி. சொன்னாள்: "நீங்க அமுக்கறது எதமாத்தாங்க கீது. ஆனா எனுக்கே சத்தம் வந்தாத்தான் சரியாச்சின்னு தோணுது. அவங்கள இன்னா சொல்றது?"

படுக்கப் போகுமுன் ஒன்று கண்டுபிடித்தேன். இடது கட்டை விரலை பெஞ்சு ஓரத்தில் வைத்து மடக்கினால் பெரிய சத்தம். முதுகுக்கு அடியிலிருந்து வந்ததுபோல் இருக்கும். விளையாட்டாகத்தான் செய்து பார்த்தேன். விளையாட்டாகத்தானா?

ஜூன் 7, சனி

புழுக்கம். பத்து மணிக்குக் கோவிந்தசாமி மேஸ்திரி வந்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்குத் தலைவர். கூடவே காதர் பாய், அவர் ஆள், தண்டையார்பேட்டை. இடுப்பில் கை வைத்து ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

"நாலு நாளா கோணிக்கினு கீறான் டாக்டரே. திங்கக்கெழம அரிசிக் கப்பல் வருது. நிமுந்தான்னா என் ஆளு. இல்லாங்காட்டி வேற ஆளப் போட்டுக்கினு போய்க்கினே இருப்பேன். இன்னா சொல்ற?"

திரைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே காதரைக் குப்புறப் படுக்க வைத்தேன். வலி எங்கே என்று கேட்டேன். இடுப்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து கெண்டைக்கால், பெருவிரல் மரத்துப்போகிறது.

முழங்காலுக்குக் கீழே. சிவப்பு மை. அந்த இடத்திலேயே, "பாய், எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரைக்கு வெளியே மேஸ்திரி. அவருக்குக் கீழே முப்பது முதுகு. மேஸ்திரி ஒருத்தர் சரி என்று சொன்னால் போதும், அத்தனை பேரும் வருவார்கள். அதைத்தான் நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை. எழுதும்போதே கூசுகிறது.

மேலோட்டமாகத் தடவினேன். மேஸ்திரி செருமினார். கட்டை விரலை பெஞ்சு ஓரத்தில் வைத்து மடக்கினேன். பட்டென்று கேட்டது.

"ஆங்! கேட்டுச்சி! குந்திக்கிச்சி எலும்பு!" என்று வெளியே மேஸ்திரி.

காதர் திரைப் பக்கம் தலையைத் திருப்பி, "ஆமா மேஸ்திரி, சரியாயிடுச்சி" என்றார். பாவி மனிதர், நம்பிவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ஐந்து பேர். இன்று ஏழு. எல்லாரும், "மேஸ்திரி சொன்னாரு." சிலருக்கு முதுகு தானாகவே சொடக்குகிறது, புண்ணியவான்கள். மற்றவர்களுக்கு என் விரல். ஒரு விரல் ஒரு தடவைதான் சொடக்கும், மறுபடி சொடக்க அரைமணி ஆகும். அதனால் விரல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். என்ன ஒரு திட்டம்! கேவலம்.

பி. வஞ்சிரம் வாங்கி வறுத்தாள். "ஊரே ஒங்களப் பத்தித்தான் பேசிக்கினு கீது" என்றாள். நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் இன்னும் வெட்கம்.

ஜூன் 11, புதன்

தைலம் வாங்கப் போகிறேன் என்று பி.யிடம் பொய். துறைமுக கேட் வரை போனேன். காதரைப் பார்த்தேன். முதுகில் அரிசி மூட்டை. இடது கால் தரையில் இழுபடுகிறது. இரண்டடி, ஒரு நிறுத்தம். இரண்டடி, ஒரு நிறுத்தம். பின்னால் வந்தவன், "சீக்கிரம் நட பாய், பேஜாரு பண்ணாத" என்று கத்தினான்.

நான் ஒரு கட்டைவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பது வயது, வெள்ளைக் கோட்டு, மாட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு. அந்த மனிதர் கால் போனால் யார் பொறுப்பு? நான். வேறு யார்?

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆனால் நினைத்தபடி நடக்கவில்லை.

ஜும்மா தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசலுக்கு எதிரே நின்றேன். எல்லாரும் குனிந்தபோது காதர் மட்டும் சுவரோரம் உட்கார்ந்தபடியே. வெளியே வந்ததும் ஓரமாகக் கூட்டிப்போனேன். ஒரே மூச்சில் கொட்டினேன்: நான் டாக்டர் இல்லை, அன்றைக்குச் சத்தம் உங்கள் முதுகில் வரவில்லை, என் விரலில் வந்தது, மன்னித்துவிடுங்கள், மூட்டை தொடாதீர்கள்.

கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன்.

"தெரியும் டாக்டரே" என்றார்.

"தெரியுமா?"

"என் முதுவு. எனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பாய் சரியாயிடுச்சின்னு சொன்னீங்க?"

"மேஸ்திரி வெளிய குந்திக்கினு இருந்தாரே. அவரு காதுக்குத்தானே சத்தம் வோணும்." ஏதோ நான்தான் விவரம் தெரியாத ஆள் என்பதுபோல் பார்த்தார். "நீ நம்ம மேல எரக்கப்பட்டுத்தான் சத்தம் எடுத்தேன்னு நெனச்சேன். வூட்ல கூடச் சொன்னேன், நல்ல மன்சன்னு."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

"போனா ரெண்டு மாசம் படுன்னுவான். படுத்தா எடம் பூடும். வூட்ல அஞ்சு பேரு. நாளைக்கு மேஸ்திரி மறுபடி இட்டாராரு, நான் கோணிக்கினு நடக்கறது அவரு கண்ணுல பட்டுடுச்சி. இந்தவாட்டி கொஞ்சம் பெருசா எடு டாக்டரே."

ஜூன் 14, சனி

தூறல். அரைமணியில் நின்றுவிட்டது. விடியற்காலையிலிருந்து முடிவு: இன்று விரலைத் தொடமாட்டேன். மேஸ்திரியிடம் நேராகச் சொல்லிவிடுவேன், மூட்டை கூடாது என்று.

வந்தார்கள். மேஸ்திரி அதே நாற்காலியில். திரைக்குள் காதர் குப்புறப் படுத்தார், தானாகவே. சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இடது கெண்டைக்கால் மெலிந்து போயிருக்கிறது, வலது காலோடு வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

வெளியே மேஸ்திரி, "இன்னா டாக்டரே, ஒண்ணும் கேக்கலியே?"

எடுத்தேன். இரண்டு விரல், ஒன்றன்பின் ஒன்று.

பிறகு கோட்டைக்கூடச் சரிசெய்யாமல் வெளியே வந்து மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாசத்துக்கு மூட்டை வேண்டாம், உட்கார்ந்து கிழிந்த சாக்குத் தைக்கிற வேலை கொடுங்கள், கால் போய்விடும், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, என்னைத் தட்டிக்கொடுக்கிற சிரிப்பு. "இன்னா டாக்டரே, நீயே பயந்தா எப்படி? ரெண்டு தபா கேட்டுச்சே! என் காதால கேட்டேன்யா. ஒன் கை ராசி ஒனக்கே தெர்ல. டேய் காதரு, கெளம்பு!"

அது என் விரல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காதர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார், பொத்தான் போட்டுக்கொண்டே. சொல்லாதே என்று கண்ணாலேயே ஒரு பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

மேஸ்திரி தெருவில் இறங்கி முன்னால் நடந்தார். காதர் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். வலிக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். என் இடது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்குதா டாக்டரே?" என்று கேட்டார்.